‘சுழி இழுத்துவிட்டது’ என்றால் உண்மையில் என்ன நடந்தது?

இலங்கையின் மலையகத்தில் யாராவது ஆற்றில் மூழ்கினால் அன்று மாலையே தேநீர்க்கடையில் தீர்ப்பு வந்துவிடும். “அந்த இடத்துல சுழி இருக்கு, ஆள இழுத்துக்கிடும்.” ஆறு காவு கேட்கிறது என்று இன்னொருவர் சொல்வார். “நல்லா நீந்தத் தெரிஞ்ச பொடியன்தானே” என்று மூன்றாமவர் வியப்பார்.

மூவர் பேச்சும் ஒரே இடத்தில் தவறுகிறது. குறைந்தது ஐந்து வேறு வேறு ஆபத்துகளைச் சுழி என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு மூடிவிட்டோம். ஐந்துக்கும் காரணம் வேறு, தப்பும் வழியும் வேறு. தேங்கிய மடுவில் கால் ஊன்றி நிற்பது உயிரைக் காக்கும். ஓடும் ஆற்றில் அதே செயல் உயிரை எடுக்கும். எந்த இடத்தில் எது நடக்கிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், பயப்பட வேண்டிய இடம் எது, நிம்மதியாகக் குளிக்கலாம் என்ற இடம் எது என்பதும் தெரியும்.

முதலில், ஓடும் நீரின் எடை

ஒரு மீற்றர் நீளம், ஒரு மீற்றர் அகலம், ஒரு மீற்றர் உயரமுள்ள பெட்டியில் நீர் நிரப்பினால் அதன் எடை 1,000 கிலோ. ஐந்து மீற்றர் அகலமும் அரை மீற்றர் ஆழமும் உள்ள ஓர் ஓடை, செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முழங்காலைக் கொஞ்சம் தாண்டும் அந்தச் சின்ன ஓடை ஒவ்வொரு செக்கனும் இரண்டரை தொன் நீரைத் தள்ளிக்கொண்டு போகிறது. தோட்டத்துக் கொழுந்து லொறி ஒன்று ஒவ்வொரு செக்கனும் உங்களைக் கடந்து போவதுபோல.

அதைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. தொடையளவு நீரில் நிற்பவரின் கால்களை, செக்கனுக்கு ஒரு மீற்றர் வேக நீர் ஏறக்குறைய 10 கிலோ பாரத்தால் தள்ளும். வேகம் இரண்டு மீற்றரானால் அது 40 கிலோ. மூன்றானால் 90 கிலோ, அதாவது ஒரு பெரிய ஆளின் முழு எடை. காலையில் நடந்து கடந்த இடத்தை மாலையில் கடக்க முடியாமல் போவது இதனால்தான். ஆழம் ஒரு சாண்தான் கூடியிருக்கும், ஆனால் வேகமும் சேர்ந்து கூடியிருக்கும்.

நீந்துவதற்கும் இதே அளவுகோல்தான். பழக்கமுள்ள சாதாரண ஆள் செக்கனுக்கு ஒரு மீற்றர் நீந்தினால் பெரிது, அதுவும் சில நிமிடங்களுக்குத்தான். கரையில் 10 மீற்றர் தூரத்தை அடையாளம் வைத்து (சாதாரண நடையில் 13, 14 எட்டு) மேல் முனையில் ஒரு காய்ந்த குச்சியைப் போடுங்கள். 10 செக்கனுக்குள் அது கீழ் முனையைத் தாண்டிவிட்டால் அந்த நீரை எதிர்த்து உங்களால் நீந்த முடியாது. இறங்குவதற்கு முன் செய்யக்கூடிய சோதனைகளில் இதைவிட மலிவானது வேறு இல்லை.

இதுவரை சுருக்கமாக: ஆற்றில் ஆழத்தைவிட வேகம் பெரிது. வேகம் சிறிது கூடினாலும் விசை பல மடங்கு கூடும். ‘நீந்தத் தெரியும்’ என்பது தேங்கிய நீரில் வாங்கிய சான்றிதழ்.

கண்ணுக்குத் தெரியும் சுழல்: பெரும்பாலும் இது நண்பன்

அட்டன் வீதியில் பஸ் ஒன்று வேகமாகப் போகும்போது பின்னால் பாருங்கள். காய்ந்த இலைகளும் தூசும் பஸ்ஸின் முதுகை நோக்கிச் சுழன்று ஓடும். பஸ் ஒதுக்கிய காற்று, பின்னால் உண்டான வெற்றிடத்தை நிரப்பத் திரும்பி வருகிறது. ஆற்றின் நடுவில் பெரிய பாறை இருந்தால் அதன் பின்பக்கமும் இதேதான். பாறையைச் சுற்றிப் போன நீர், அதன் நிழலில் திரும்பி மேல்நோக்கி மெதுவாக ஓடும். இதை எதிரோட்டம் என்போம். நுரை வட்டமிடுவதால் கரையில் நிற்பவருக்கு இதுதான் சுழியாகத் தெரிகிறது.

எதிரோட்டம் ஆளைக் கீழே இழுப்பதில்லை, சுற்ற மட்டுமே வைக்கும். கித்துல்கலவில் படகு ஓட்டுபவர்கள் இளைப்பாறப் படகைத் திருப்பி நிறுத்துவது இப்படிப்பட்ட பாறை நிழல்களில்தான். அடித்துச் செல்லப்படுபவருக்கும் முதல் அடைக்கலம் அதுவே. சிக்கல் அதன் ஓரத்தில் இருக்கிறது. கீழ்நோக்கி ஓடும் நீரும் மேல்நோக்கித் திரும்பும் நீரும் உரசும் கோட்டில் உடல் தடுமாறிப் புரளும். அங்கே தயங்காமல் பலமாக நான்கைந்து கை வீசி உள்ளே வந்துவிட வேண்டும்.

அருவியின் அடி: உண்மையிலேயே பிடித்து வைக்கும் இடம்

பீலியின் (நீர் கொட்டும் குழாயின்) கீழே ஒரு பீப்பாயை வைத்து, அது நிரம்பிய பிறகு ஒரு டென்னிஸ் பந்தைப் போட்டுப் பாருங்கள். பந்து வெளியே போகாது. பீலி நீர் அதை அமுக்கும், அது மேலே வரும், மறுபடியும் பீலியின் கீழேயே போய் அமுங்கும். பிள்ளைகளுக்கு இது நல்ல விளையாட்டு. அருவியின் அடியில் அந்தப் பந்து மனிதனாக இருக்கிறது.

உயரத்திலிருந்து விழும் நீர் நேராக அடிக்குப் பாய்கிறது. அடியில் மோதிய நீரின் ஒரு பங்கு தரையோடு ஒட்டிக் கீழ்நோக்கி வெளியேறும். மறு பங்கு மேலே எழும்பி, மேற்பரப்பில் அருவியை நோக்கித் திரும்பி ஓடும். பக்கவாட்டில் கிடக்கும் உருளை ஒன்று தன் அச்சில் ஓயாமல் சுற்றுவதுபோல இருப்பதால் இதற்கு உருளை நீர் என்று பெயர் வைப்போம். இதில் மாட்டியவர் மேலே வருவார், மூச்சு எடுப்பார், கரையை நோக்கி நீந்துவார். ஆனால் மேற்பரப்பு நீர் அவரை அருவிக்கே திருப்பி அனுப்பும். மூன்று நான்கு சுற்றில் உடல் களைத்துவிடும்.

இன்னொரு சதியும் உண்டு. அருவி அடியில் நீர் வெண்மையாகத் தெரிவது அதில் காற்று கலந்திருப்பதால். காற்று கலந்த நீர் இலேசானது, உடலைத் தாங்கும் சக்தி அதற்குக் குறைவு. மடுவில் மல்லாந்து சுகமாக மிதப்பவரும் அந்த வெண்ணுரைக்குள் அமிழ்ந்து போவார். கையை வீசினால் பிடிக்க நீர் கிடைக்காது, நுரைதான் கிடைக்கும்.

எங்கே எல்லை என்று பார்ப்பது கடினமில்லை. அருவிக்குக் கொஞ்சம் தள்ளி, நீர் கொதிப்பதுபோல் மேலெழும் ஒரு கோடு இருக்கும். கோட்டுக்கு அப்பால் நுரை கீழ்நோக்கி ஓடும். இப்பால் நுரை அருவியை நோக்கி ஓடும். ஓர் இலையைப் போட்டால் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும். மரத்துண்டோ பிளாஸ்டிக் போத்தலோ ஒரே இடத்தில் நிமிடக்கணக்கில் உருண்டுகொண்டிருந்தால் சோதனை ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று பொருள். படம் எடுப்பதற்காகக்கூட அந்தக் கோட்டுக்கு உள்ளே போகக் கூடாது.

இயற்கை அருவியைவிடக் கெட்டது, மனிதர் கட்டிய சிறு தடுப்பணை. பார்வைக்கு அது ஓர் ஆள் உயரம்கூட இருக்காது. மலையகத்து ஓடைகளில் சிறு நீர்மின் நிலையங்களுக்காகவும் தோட்டங்களின் தண்ணீர்த் தேவைக்காகவும் இப்படிப்பட்டவை பல உண்டு. இயற்கைப் பாறை கோணல்மாணலாக இருப்பதால் உருளை நீரில் எங்காவது ஓர் ஓட்டை இருக்கும், ஆள் அதன் வழியே வெளியே வந்துவிடலாம். தடுப்பணையோ அளவுகோல் வைத்ததுபோல் நேரானது. உருளையும் கரைக்குக் கரை ஒரே சீராக இருக்கும், இரு முனையிலும் கொங்கிறீட் சுவர். வெளியேற வழியில்லாத இடம் அது.

மாட்டிக்கொண்டால் மேற்பரப்பில் அருவிக்கு எதிர்ப்பக்கமாக நீந்திப் போராடுவது பயன் தராது. பக்கவாட்டில், உருளை பலவீனமாக இருக்கும் ஓரத்தை நோக்கி நகர முயல வேண்டும். அதுவும் முடியாதபோது, மூச்சை எடுத்து, உடலைச் சுருட்டி, விழும் நீரோடு அடிக்குப் போய், தரையோடு ஓடும் நீர் வெளியே தள்ளட்டும் என்று விடுவது கடைசி வழி. இவற்றில் எதற்கும் உத்தரவாதம் கிடையாது.

கீழேயிருந்து ‘ஏதோ காலைப் பிடித்தது’

தப்பி வந்தவர்கள் பலர் இப்படிச் சொல்வதுண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை.

ஓடும் நீரில் தடுமாறுபவர் இயல்பாகவே எழுந்து நிற்கப் பார்ப்பார். கால் இரண்டு பாறைகளுக்கு நடுவே போய் மாட்டும். மேலே உடலை நீர் முன்னோக்கித் தள்ளும், கால் மட்டும் பின்னால் நிற்கும். ஆள் குப்புற மடிந்துவிடுவார். 40 கிலோ பாரம் முதுகில் இருக்கும்போது காலைப் பின்னோக்கி இழுத்து எடுக்க முடியாது. இடுப்பளவு நீரில் ஆட்கள் இறப்பது இப்படித்தான்.

இதன் உறவினன் ஒன்று உண்டு. தேத்தண்ணீர் வடிக்கும்போது சாயம் கீழே போகும், சக்கை வடியில் நிற்கும். ஆற்றில் விழுந்து கிடக்கும் மரம், வளைந்து நீரில் தோய்ந்த மூங்கில், குவிந்த பாறைகளின் இடுக்கு எல்லாம் இப்படிப்பட்ட வடிகள்தான். நீர் அவற்றின் ஊடாகப் போய்விடும், ஆளைப் பிடித்து அமுக்கிவிடும். இவற்றைச் சல்லடை என்போம். வெள்ளம் வடிந்த பிறகு ஆற்றில் புதிய சல்லடைகள் வந்திருக்கும். ஆகவே போன வருடம் பாதுகாப்பாக இருந்த இடம் இந்த வருடமும் அப்படியே இருக்கும் என்று நினைக்கக் கூடாது.

விதி எளியது. ஓடும் நீர் முழங்காலுக்கு மேல் இருந்தால் எழுந்து நிற்க வேண்டாம். மல்லாந்து படுங்கள். பாதங்கள் கீழ்த்திசையை நோக்கி, விரல்கள் நீருக்கு வெளியே தெரியும்படி, முழங்கால் சற்று மடிந்திருக்கட்டும். வரும் பாறையைக் காலால் உதைத்துத் தள்ளலாம், தலை பின்னால் காப்பாற்றப்படும். கைகளைத் துடுப்பாக வைத்துச் சாய்வாகக் கரையை நோக்கி நகருங்கள். நீரை எதிர்த்து நேராகக் கரைக்குப் பாய வேண்டாம். முழங்கையோ பின்புறமோ தரையில் தட்டும் அளவு ஆழம் குறைந்த பிறகு எழும்பலாம். முன்னால் மரச் சல்லடை வந்து, விலக வழியே இல்லையென்றால் மட்டும் விதி மாறும். அப்போது குப்புறப் புரண்டு, தலை முன்னே இருக்க வேகமாக நீந்தி, மரத்தைப் பற்றி அதன் மேலே ஏறிவிட வேண்டும். அடியால் போய்விடலாம் என்று நினைக்கவே கூடாது.

மீண்டும் சுருக்கமாக: பாறை நிழலில் சுற்றும் நீர் ஆளைச் சுற்ற வைக்கும், உருளை நீர் பிடித்து வைக்கும், பாறை இடுக்கும் சல்லடையும் மாட்டி வைக்கும். ‘இழுத்தது’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் பின் இரண்டில் ஒன்று.

எதுவுமே இழுக்காத மடுவில் ஆள் போவது ஏன்?

அசையாத மடுவிலும் ஆட்கள் மூழ்குகிறார்கள். அங்கே இழுப்பதற்கு எதுவும் இல்லை. கண் ஏமாற்றுகிறது, அவ்வளவுதான். தெளிந்த நீரை நேர் மேலிருந்து பார்த்தால் உண்மை ஆழத்தில் முக்கால் பங்குதான் தெரியும். 4 அடி என்று கண் சொல்லும் இடம் 5 அடி 4 அங்குலம் இருக்கும். கரையில் இருந்து சாய்வாகப் பார்த்தால் இன்னும் ஆழம் குறைவாகத் தெரியும்.

இதோடு குடக்குழி சேர்கிறது. பாறைத் தளத்தில் நீர் பல காலம் கற்களைச் சுழற்றிச் சுழற்றிக் கடைந்த, பானை போன்ற குழி அது. தியலும அருவியின் மேல்தளத்துத் தடாகங்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். விளிம்பு வழுவழுப்பான பாசி, அடுத்த எட்டில் தரை இல்லை. மனிதர் தோண்டும் குழிகளும் இதே வேலையைச் செய்யும். மணல் எடுத்த இடங்களிலும், கெசல்கமு ஓயாவில் திருட்டுத்தனமாக மாணிக்கக்கல் தோண்டிய இடங்களிலும் ஆற்றின் அடி முன்பிருந்தபடி இருக்காது. நீந்தத் தெரியாதவர் கையில் நீண்ட கம்பு வைத்துத் தட்டித் தட்டியே நடக்க வேண்டும். குறுக்குக்கட்டோடு குளிக்கும் பெண்கள் பள்ளத்தில் விழுந்தால் துணி கால்களைச் சுற்றிவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பாறையிலிருந்து குதிப்பது பற்றி ஒரே கணக்கு: 5 மீற்றர் உயரத்திலிருந்து குதிப்பவர் நீரைத் தொடும்போது மணிக்கு 35 கிலோமீற்றர் வேகத்தில் இருப்பார். அந்த வேகத்தில் தலை பாறையில் மோதினால் கழுத்தெலும்பு தாங்காது.

குளிர்

மலைநாட்டு நீரின் குளிரை யாரும் ஆபத்தாக எண்ணுவதில்லை. நுவரெலியாவின் வருடச் சராசரி வெப்பநிலையே ஏறக்குறைய 16 பாகை. ஹோர்ட்டன் சமவெளியில் ஊறி அக்ர ஓயா, பெலிஹுல் ஓயா என்று இறங்கும் நீர் அதே குளிரைச் சுமந்து வருகிறது. உடல் அப்படிப்பட்ட நீரில் திடீரென்று விழும்போது நம்மைக் கேட்காமலே மூச்சை ஒருமுறை ஆழமாக உள்ளிழுக்கும், பிறகு மூச்சு தாறுமாறாக வாங்கும், இதயம் வேகமாக அடிக்கும். இதற்குக் குளிர் அதிர்ச்சி என்று பெயர். அந்த முதல் இழுப்பு நீருக்கு அடியில் நடந்தால் நுரையீரலுக்குள் போவது நீர். இதய நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

அதிர்ச்சி முதல் அரை நிமிடத்தில் உச்சம் தொட்டு இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கிவிடும். அந்த நேரத்தில் நீந்தப் போராடாமல் மல்லாந்து மிதக்க வேண்டும். அதைவிட நல்லது, நம் வீட்டுப் பெரியவர்கள் செய்வதுதான். முதலில் காலை நனைத்து, முகத்தில் நீர் தெளித்து, தோளில் ஊற்றி, பிறகு மெல்ல இறங்குவது. சாராயம் குடித்துவிட்டுக் குதிப்பவருக்கு இந்தப் பொறுமை இருக்காது, உடம்பின் வெப்பமும் வேகமாக இறங்கும்.

இங்கே வெயில், மேலே மழை

நின்ற இடத்தில் ஒரு துளியும் விழாமல் ஆறு பெருகும். சரிவு செங்குத்தாக இருப்பதால் மேல் மலையில் பெய்த மழை சில நிமிடங்களில் கீழே வந்துவிடும். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் காலையில் வானம் கண்ணாடியாக இருக்கும், பிற்பகலில் இடியோடு கொட்டும். சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு ஊர் திரும்பும் கூட்டம் ஆற்றில் இறங்குவதும் அதே காலம், பெரும்பாலும் சாப்பாட்டுக்குப் பிறகு, அதே நேரம். காலையில் குளித்து மதியத்துக்குள் கரையேறுவது நல்லது. மே முதல் செப்டெம்பர் வரை மேற்குச் சரிவில், அதாவது அட்டன், நோர்ட்டன் பிரிட்ஜ், கினிகத்தேனைப் பக்கம், தென்மேல் பருவமழை. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை பதுளை, பண்டாரவளைப் பக்கம் வடகீழ்ப் பருவமழை. அக்காலங்களில் அந்தந்தப் பக்கத்து ஆறுகளை விட்டுவிடலாம்.

ஆறு முன்கூட்டியே சொல்லும். தெளிந்த நீர் பால் தேத்தண்ணீர் நிறமாகும். இலையும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வரும். இரைச்சல் கனக்கும். இறங்கும்போது நீர் விளிம்பில் ஒரு கல்லை வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் பாருங்கள். கல் நனைந்துவிட்டால் செருப்பைத் தேடாமல் கரையேற வேண்டும். ஆற்று நடுப் பாறையில் துணிமணி, சோற்றுப் பொட்டலம் வைத்து உட்காரும் பழக்கம்தான் பல குடும்பங்களைச் சிக்க வைக்கிறது.

மழையே இல்லாமலும் நீர் ஏறும். காசல்ரீ, மவுசாக்கலை, நோர்ட்டன் பிரிட்ஜ், லக்சபான, மேல் கொத்மலை என்று மலையகத்து ஆறுகளில் வரிசையாக அணைகள். வான்கதவு திறந்தால் கீழே வறண்டு கிடந்த பாறைப் படுகை ஆறாகும். மின்நிலையங்கள் ஓடத் தொடங்கும்போதும் கீழ்ப்பக்க நீர் ஏறும். நாட்டின் மின்தேவை உச்சம் தொடுவது மாலை ஆறரைக்குப் பிறகு. அபாயச் சங்கு ஒலித்தால் யாருக்கோ என்று இருந்துவிடாமல் உடனே மேட்டுக்கு ஏற வேண்டும். சங்கு இல்லாத சிறு அணைகளும் உண்டு. ஆகவே மேலே அணை இருக்கிறதா, எந்நேரம் நீர் விடுவார்கள் என்று ஊராரிடம் கேட்காமல் இறங்கக் கூடாது.

(அட்டைக்குப் பயப்படுபவர்கள் எலிக்காய்ச்சலை மறந்துவிடுகிறார்கள். காலில் வெட்டுக்காயம் இருந்தால் கலங்கிய நீரில் இறங்க வேண்டாம். குளித்த சில நாட்களில், அல்லது இரண்டு மூன்று வாரங்களுக்குள், காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் ஆற்றில் குளித்ததை வைத்தியரிடம் சொல்லுங்கள்.)

ஒருவர் தத்தளிக்கும்போது

மூழ்குபவர் பெரும்பாலும் கத்த மாட்டார். வாய் நீருக்கு மேலே வரும் நொடியில் மூச்சு வாங்கவே நேரம் போதாது. கைகள் பக்கவாட்டில் நீரை அமுக்கிக்கொண்டிருக்கும், ஆகவே கையாட்டவும் முடியாது. தலை பின்னே சாய்ந்து, வாய் திறந்து, ஏணி ஏறுவதுபோல் அசைந்தும் இடம் நகராமல் இருந்தால் அவர் விளையாடவில்லை. பெரும்பாலும் ஒரு நிமிடம்கூட இல்லை.

உடனே பாய்வதுதான் ஒருவரோடு இன்னும் இருவரைச் சேர்த்துப் பறிக்கிறது. கரையில் குப்புறப் படுத்துக் கம்பை நீட்டுங்கள். எட்டாவிட்டால் எறியுங்கள். ஒரு சேலை ஐந்து மீற்றருக்கு மேல் நீளம். கொழுந்துக்காரர் இடுப்பில் கட்டும் படங்கும் உதவும். மூடியுள்ள 5 லீற்றர் வெற்றுக் கான் ஏறக்குறைய 5 கிலோவைத் தாங்கும், தலையை நீருக்கு மேலே வைக்கப் பெரும்பாலும் அது போதும். ஒரு கோப்பை நீரை உள்ளே விட்டால் எறியக் கனம் கிடைக்கும். ஓடும் நீரில் எறிபவர் ஆளுக்குக் கீழ்ப்பக்கத்தில் நிற்க வேண்டும். கயிறு அவர் தோளுக்குக் குறுக்கே விழட்டும். அவர் பிடித்ததும் நீரே ஊஞ்சல்போல் அவரைக் கரைக்கு வீசும். கயிற்றின் மறுமுனையை உங்கள் இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டாம்.

வெளியே எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் இன்னும் நடக்கிறது. அது நுரையீரல் நீரை எடுக்காது, வயிற்றிலிருப்பதை மூச்சுக்குழாய்க்குள் தள்ளும். ஒருவர் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கட்டும். அது கிடைக்காவிட்டால் பொலிஸ் அவசர எண் 119. மற்றவர் மூச்சு இருக்கிறதா என்று 10 செக்கனுக்குள் பார்க்க வேண்டும். இல்லையென்றால் தலையைப் பின்னே சாய்த்து, முகவாயை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊத வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அமுக்கு, 2 ஊதல், 30 அமுக்கு, 2 ஊதல். பெரியவருக்கு 5 சென்ரிமீற்றர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை. வாந்தி வந்தால் பக்கவாட்டில் புரட்டித் துடைத்துவிட்டுத் தொடருங்கள்.

கண் விழித்து, “எனக்கு ஒன்னுமில்ல” என்று லயத்துக்கு நடக்கப் பார்ப்பவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நுரையீரலுக்குள் போன கொஞ்ச நீரும் சில மணி நேரத்தில் மூச்சுத் திணறலை உண்டாக்கலாம். எத்தனை நிமிடம் நீருக்குள் இருந்தார், ஊதினீர்களா, எப்போது மூச்சு திரும்பியது என்ற மூன்றையும் கூடப் போகிறவர் நினைவில் வைத்துக்கொண்டால் வைத்தியருக்கு வேலை இலகு.